பெருங்குடலைப் பேணுவோம்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

ஏரியினின்று புறப்பட்ட நீர் பல வயல்களைக் கடந்து கடைமடையை அடையும்போது, அங்குள்ள உழவர் எஞ்சிய நீரில் ஒரு துளியும் வீணாகாதபடி வரப்பை அணைத்துத் தம் வயலுக்குத் திருப்பிக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். நம் உடலிலும் அத்தகைய கடைமடை ஒன்று உண்டு. அதுவே பெருங்குடல். இதயத்தைப் பற்றியும் இரைப்பையைப் பற்றியும் ஆர்வத்துடன் பேசும் நாம், பெருங்குடலைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம். அக்கூச்சத்தாலும் அறியாமையாலும் ஊர்ப்புறங்களில் விளையும் கேடு சிறிதன்று. ஆதலின் அதன் பணி, அதற்கு வரும் நோய்கள், அந்நோய்களுக்குரிய மருந்துகள் ஆகியவற்றைப் பற்றி யாவரும் அறியவேண்டிய சில செய்திகளை இங்குக் கூறுவோம்.

அமைப்பும் பணியும்

சிறுகுடல் ஏறத்தாழ 20 அடி நீளமுடையது. பெருங்குடலின் நீளம் சுமார் 5 அடியே. எனினும் அது சிறுகுடலைவிடப் பருமனானது. வயிற்றின் வலப்புறம் கீழே தொடங்கி, மேலேறி, குறுக்கே சென்று, இடப்புறமாக இறங்கி, மலக்குடலில் முடிகின்றது. அது தொடங்கும் இடத்தில் விரல்போல் தொங்கும் சிறு உறுப்பே குடல்வால்.

நாம் ஒரு நாளில் உண்பதும் பருகுவதுமாக உட்கொள்ளும் நீர் சுமார் 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் நீர் என உடலே சுரந்து குடலுக்குள் விடுவது ஏறத்தாழ 7 லிட்டர். இந்த 9 லிட்டரில் பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிவிடுகின்றது. எஞ்சிய சுமார் ஒன்றரை லிட்டர் பெருங்குடலை அடைகின்றது. பெருங்குடல் அந்நீரையும் அதிலுள்ள உப்பையும் மீட்டு இரத்தத்திற்கு அனுப்புகின்றது. மலத்துடன் வெளியேறும் நீர் 200 மில்லிலிட்டருக்கும் குறைவே. நுண்ணுயிர்கள் கோடானுகோடி பெருங்குடலில் வாழ்கின்றன. அவை நமக்குப் பகைவர் அல்ல. காய்கறி, கீரை, தானியம் ஆகியவற்றின் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து, குடலின் உட்சுவருக்கு வேண்டிய ஊட்டத்தை அவை தருகின்றன.

பேதியில் நிகழ்வது என்ன?

அசுத்த நீர் வழியாகவோ, ஈ மொய்த்த பண்டத்தின் வழியாகவோ நோய்க்கிருமிகள் குடலை அடைந்தால், குடல் நீரை உறிஞ்சுவதை விட்டு நீரை வெளியே கொட்டத் தொடங்கும். பெருங்குடல் தேவைப்படும்போது நாளொன்றுக்கு 4 அல்லது 5 லிட்டர் வரை மீட்கும் ஆற்றல் உடையதாயினும், வரத்து அதனை மிஞ்சும்போது அதுவும் தோற்றுவிடுகின்றது. அதுவே பேதி. பேதியால் இறப்பவர்களுள் பெரும்பாலோர் கிருமியின் நஞ்சினால் இறப்பதில்லை. உடலிலிருந்து நீரும் உப்பும் வடிந்துபோவதால் இறக்கின்றனர். இவ்வுண்மையை நெஞ்சில் பதித்துக்கொண்டால், பேதிக்குச் செய்யவேண்டிய மருத்துவம் இன்னதென்பது தானே விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒன்றியத்தில் ஒரு சிற்றூரில், சாக்கடையின் ஊடே சென்ற குடிநீர்க் குழாயின் இணைப்பு விட்டுப்போய், ஒரு தெரு முழுவதும் பேதி கண்டது. செய்தி எட்டியவுடன் சென்றேன். அத்தெருவில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்று முதல்நாள் இரவே இறந்துபோயிருந்தது. “தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று நிறுத்திவிட்டோம், ஐயா. கடையில் வாங்கிய மாத்திரையைத்தான் அரைத்துக் கொடுத்தோம்” என்றார் அக்குழந்தையின் பாட்டி. அவ்வீட்டு மாடத்தில், விளக்கின் அருகே, பிரிக்கப்படாத உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று இருந்தது. அதற்கு முந்தைய மாதம் நடந்த முகாமில் நாங்கள் வழங்கியதே அது. இரண்டு வீடு தள்ளி, அதே வயதுடைய மற்றொரு குழந்தைக்குக் கிராமச் செவிலியர் அதே பொட்டலத்தைக் கரைத்துக் கரண்டி கரண்டியாகப் புகட்டியிருந்தார். அக்குழந்தை தாயின் மடியில் விழித்துக்கொண்டிருந்தது. பொட்டலத்தைக் கொடுத்த நாங்கள், அது எதற்கு, எப்படிக் கரைப்பது என்று அப்பாட்டிக்குச் சொல்லவில்லை. பதிவேட்டில் எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த மாடமே.

நீரே முதல் மருந்து

பேதியின்போது வெறும் நீரைக் குடல் நன்கு ஏற்காது. ஆனால் சிறுகுடலின் சுவரில், உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் மட்டும் திறக்கும் வாயில்கள் உள்ளன. அவை நுழையும்போது நீரும் உடன் நுழைகின்றது. பேதியிலும் இவ்வாயில்கள் பெரும்பாலும் பழுதுபடுவதில்லை. 1960-இல் இராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் இவ்வியக்கத்தை விளக்கினார். 1971-இல் வங்காள எல்லையிலுள்ள பன்கானில், அகதிகளிடையே காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மகலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை வாய்வழி புகட்டச் செய்தார். உறவினரே நோயாளிகளுக்குப் புகட்டினர். நூற்றுக்கு முப்பது என்றிருந்த இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று. இன்று ஓ.ஆர்.எஸ். என்று நாம் வழங்கும் பொட்டலம் இதன் வழி வந்ததே.

கரைக்கும் முறை வருமாறு: கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, காய்ச்சி ஆறிய அல்லது தூய நீர் 1 லிட்டர் அளந்து, ஒரு லிட்டருக்குரிய பொட்டலம் முழுவதையும் அதில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், ஒரு தம்ளர் நீர் என்று கண்மதிப்பில் கலத்தல் கூடாது. உப்பு மிகுந்தால் அதுவே உடலின் நீரைக் குடலுக்கு இழுத்துவிடும். கரைத்ததை 24 மணி நேரத்திற்குமேல் வைத்திருத்தல் ஆகாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு போக்குக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லிலிட்டர், இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லிலிட்டர், பெரியவர்க்கு வேண்டிய அளவு தருக. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மெதுவாகக் கரண்டியால் மீண்டும் புகட்டுக. பொட்டலம் கிடைக்காவிடத்து, 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் மோரும் உதவும். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தலாகாது, உணவையும் நிறுத்தலாகாது.

கண் குழிதல், அழுதால் கண்ணீர் வராமை, சிறுநீர் குறைதல், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகப் படிதல், மயங்கிக் கிடத்தல், குடிக்க இயலாமை ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். போகும் வழியிலும், குடிக்க இயலுமாயின், கரைசலைப் புகட்டிக்கொண்டே செல்லுதல் நலம்.

மாத்திரைகள் எப்போது?

குழந்தைகளுக்கு நீர்க்கரைசலுடன் துத்தநாக மாத்திரையும் 14 நாள் தரவேண்டும். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம். அதற்குக் குறைந்த வயதினர்க்கு 10 மில்லிகிராம். பேதி நின்ற பின்னும் தொடர்ந்து தருவதால், குடல் விரைவில் தேறுவதுடன் நோய் மீண்டும் வருவதும் குறைகின்றது.

லோப்பிரமைடு போன்ற ‘கட்டும்’ மாத்திரைகள் குடலின் அசைவை அடக்குவன. நோயை அவை நீக்குவதில்லை. சிறு குழந்தைகளுக்கு அவற்றைக் கொடுத்தலாகாது. காய்ச்சலோ இரத்தமோ கண்ட பேதியில் பெரியவர்களும் உண்ணலாகாது. கிருமிக்கொல்லி மருந்துகளும் எல்லாப் பேதிக்கும் உரியவை அல்ல. குழந்தைகளின் நீர்ப்பேதிக்குப் பெரும்பாலும் வைரஸ்களே காரணம். வைரஸை அம்மருந்துகள் தீண்டுவதில்லை. மாறாகப் பெருங்குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை அழித்து, மற்றக் கிருமிகள் மருந்துக்கு அடங்காதபடி செய்துவிடுகின்றன.

சீதமும் இரத்தமும் கலந்து போவது வேறு நோய். அதில் கிருமிகள் பெருங்குடலின் சுவரையே புண்ணாக்குகின்றன. ஷிகெல்லா என்னும் பாக்டீரியாவாலும் அது வரலாம், அமீபாவாலும் வரலாம். அமீபாவுக்குரிய மெட்ரோனிடசோல் ஷிகெல்லாவை ஒன்றும் செய்யாது. ஆகவே இன்ன நோய் என்று மருத்துவரே துணிந்து மருந்து தரவேண்டும். தந்த மருந்தைக் குறித்த நாள் முழுவதும் உண்ணவேண்டும்.

மலச்சிக்கல்

பேதியில் பெருங்குடல் நீரை மீட்கத் தவறுகின்றது. மலச்சிக்கலிலோ மலம் நெடுநேரம் தங்குவதால் அளவுக்கு மீறி மீட்டு, அதனைக் கெட்டியாக்கிவிடுகின்றது. நார்ச்சத்துக் குறைவும், நீர் பருகாமையும், உழைப்பின்மையும் இதற்குக் காரணங்கள். இன்னொரு காரணம் நம் துறையைச் சார்ந்தது. கழிப்பறை இல்லாத வீட்டுப் பெண்கள் இருட்டும்வரை அடக்கிவைக்கின்றனர். அதன்பொருட்டு நீர் பருகுவதையும் குறைத்துக்கொள்கின்றனர். கழிப்பறை என்பது சுகாதாரத்திற்கு மட்டுமன்றி, பெண்களின் குடலுக்கும் மருந்தாகும்.

கீரை, பழம், கேழ்வரகு, கம்பு முதலியவற்றை உண்டு நீர் நிறையப் பருகுதல் முதல் மருத்துவம். இசப்புகோல் உமியை உண்போர் உடன் நிறைய நீர் பருகவேண்டும். நிலாவாரை போன்ற பேதி மருந்துகள் சில நாட்களுக்கே உரியவை. ஒன்றை யாவரும் நினைவிற் கொள்க: வயிற்றுவலியும் வாந்தியும் உள்ளவர்க்கு விளக்கெண்ணெயோ பேதி மாத்திரையோ கொடுத்தலாகாது. அது குடல்வால் அழற்சியாக இருப்பின், குடல்வால் வெடித்து உயிருக்கே இறுதியாகலாம்.

மலத்தில் இரத்தம் கண்டவுடன் மூலம் என்று தாமே முடிவுகட்டிக் களிம்பு வாங்கித் தடவுவோர் பலர். பெரும்பாலும் அது மூலமாகவே இருத்தல் கூடும். ஆயினும் பெருங்குடற் புற்றுநோயும் அவ்வாறே தொடங்குவதுண்டு. நாற்பது வயதைக் கடந்தவர், மலம் போகும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருப்பினும், காரணமின்றி உடல் மெலியினும், சோகை காணினும் கூச்சத்தை விட்டு மருத்துவரிடம் காட்டவேண்டும். தொடக்கத்தில் கண்டால் அதனைக் குணப்படுத்த இயலும்.

ஊரின் கடமை

பேதியைத் தடுக்கும் மருந்துகளுள் தலையாயது தூய குடிநீர். மேல்நிலைத் தொட்டியில் நாள்தோறும் குளோரின் கலந்து, அரைமணி நேரம் விட்டுத் திறக்கவேண்டும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும். தொட்டியருகே மட்டும் சோதித்துவிட்டுத் திரும்புதல் போதாது. 2016 முதல் நம் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் இடம்பெற்றுள்ளது. அதனை 6, 10, 14 ஆகிய வாரங்களில் குழந்தைக்குத் தவறாது புகட்டவேண்டும்.

ஊராட்சிப் பணியாளர்க்கும் மகளிர் குழுவினர்க்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், ஒரு லிட்டர் பாத்திரத்தை நடுவில் வைத்து, ஒரு பொட்டலத்தை எல்லாரும் காணக் கரைத்துக் காட்டுங்கள். பிறகு ஒரு பாட்டியை அழைத்து, அவர் கையாலேயே மற்றொன்றைக் கரைக்கச் செய்யுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். எத்தனை பொட்டலம் வழங்கினோம் என்னும் கணக்கோடு, எத்தனை வீடுகளில் கரைக்கத் தெரியும் என்னும் கணக்கும் நம் பதிவேட்டில் ஏறட்டும்.