உழைத்துண்ணும் துறவிகள்



மடம் என்ற சொல்லையும் மது என்ற சொல்லையும் ஒருங்கே கேட்டால் நம்மிற் பலர்க்குச் செவி கூசும். ஆயினும், பெல்ஜியம் நாட்டிலே உலகைத் துறந்த துறவிகள் பியர் காய்ச்சி விற்று வாழும் மடங்கள் உள. இம்முரண்பாடு எங்ஙனம் நேர்ந்தது? அதனிடத்து நாம் கற்கத்தக்கது யாதேனும் உண்டா?

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த அர்ச். ஆசீர்வாதப்பர் தம் சீடர்க்கு 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்கு நூலொன்றை வகுத்தார். தம் கைகளின் உழைப்பால் வாழ்பவரே மெய்த்துறவியர் என்பது 48ஆம் அதிகாரத்தின் கருத்து. மது துறவிக்கு ஏற்றதன்று என்பதை இக்காலத்தவர் ஏற்கமாட்டார். ஆகவே அளவோடேனும் அருந்துக என்று 40ஆம் அதிகாரம் இசைகின்றது. குளிர் மிகுந்த வட ஐரோப்பாவில் திராட்சையினும் வாற்கோதுமையே செழிக்கும். அதனால் அங்குள்ள மடங்களிற் பியர் இடம்பெற்றது.

இவ்வொழுங்கை வழுவாது காக்க விரும்பியோர் 1098இல் பிரான்சிலே சீத்தோ மடத்தை நிறுவினர். காலப்போக்கில் அங்கும் தளர்ச்சி புகுந்தது. 1664இல் லா திராப் மடத்தின் தலைவர் டி ரான்சே கடுமையான சீர்திருத்தத்தைத் தொடங்கினார். அம்மடத்தின் பெயராலேயே இத்துறவிகள் ‘திராப்பிஸ்ற்’ எனப்படுகின்றனர்.

பெல்ஜியத்தின் மேற்குக் கோடியிலுள்ள வெஸ்ற்விலேற்றரன் என்னும் சிற்றூரில், 1831இல் அர்ச். சிக்ஸ்துஸ் மடம் எழுந்தது. சில ஆண்டுகளில் அங்கே பியர் காய்ச்சுதலும் தொடங்கிற்று. செய்முறை எளியதே. வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்தி, இடித்து வெந்நீரில் ஊறவைப்பர். மாப்பொருள் இனிப்பாக மாறும். அச்சாற்றை ஹொப்ஸ் என்னும் கொடியின் பூவோடு கொதிக்கவைத்து ஆற்றி, மதுவம் சேர்ப்பர். அது நொதித்துப் பியராகும்.

இனி, அவர்தம் நாளைக் காண்போம். பொழுது புலருமுன், இருளிலேயே எழுந்து வழிபாட்டுக்குச் செல்வர். மீண்டும் பகல் முழுவதும் குறித்த வேளைகளிற் கூடிச் சங்கீதங்களைப் பாடுவர். இடைப்பட்ட நேரம் திருநூல் வாசிப்புக்கும் கைத்தொழிலுக்கும் உரியது. அவர்கள் பேசாநோன்பு பூண்டவர் அல்லர், வீண்பேச்சை விலக்கியவர். மணி ஒலித்தால், தொழிலை விட்டு வழிபாட்டுக்குச் செல்வதே முறை.

இவ்வொழுங்குக்குச் சோதனையும் வந்தது. வணிகம் பெருகித் துறவுக்கு இடையூறாகவே, 1946இல் அம்மடத்தார் தம் உற்பத்தியைச் சுருக்கினர். வெளிவணிகத்தை அயலூர் ஆலையொன்றுக்கு 1992 வரை உரிமையாக விட்டனர். 2005இல் சுவைஞர் சிலர் இப்பியரே உலகில் முதன்மையானது என அறிவிக்க, மக்கள் திரண்டனர். மடத்தாரோ ஆண்டுக்கு ஏறத்தாழ 475,000 லீற்றர் என்னும் தம் அளவை அதற்காக உயர்த்தினாரல்லர். வாங்குவோர் இலாபத்துக்கு மறுவிற்பனை செய்தலையும் தடுத்தனர். மடத்தைப் புதுப்பிக்கப் பொருள் வேண்டியபோது மாத்திரம், 2011, 2012ஆம் ஆண்டுகளிற் பெருந்தொகையாக வெளியே விற்றனர்.

1997இல் எட்டு மடங்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. மடத்தின் மதிலுக்குள், துறவியரின் மேற்பார்வையில் ஆக்கப்படும் பொருளுக்கே அதன் முத்திரை உரியது; வருவாயும் மடத்தின் தேவைக்கும் அறத்துக்குமே செல்லுதல் வேண்டும். இன்று துறவு நாடுவோர் அருகி வருகின்றனர். ஆக்கெல் மடத்தில் துறவியர் இல்லாமற் போகவே, 2021இல் அதன் பியர் அம்முத்திரையை இழந்தது. ஆலையும் கொப்பரையும் அங்கே இருந்தன, வழிபடுவோரே இல்லை.

மதுவை நான் போற்றவில்லை. என் மாணவர்க்கு அதனை விலக்குமாறே கூறி வந்துள்ளேன். ஆயின், கொள்வோர் வாயிலில் நிற்கையிலும் ‘இஃது எமக்குப் போதும்’ என்று சொல்ல வல்லவர் எத்துணைப் பேர்? தொழில் வாழ்வுக்காகவா, வாழ்வு தொழிலுக்காகவா என்னும் வினாவுக்கு, அவர்கள் நாள்தோறும் விடை கூறி வருகின்றனர். மணி ஒலித்ததும் கொப்பரையை விட்டு எழுவதே அவ்விடை.