துறைமுகச் சாலையில் ஏன் இந்த நெரிசல்?
வடசென்னை வணிகர்கள் போட வேண்டிய ஒரு கணக்கு

பாரிமுனையில் பருப்பு மூட்டை ஏற்றிய மினி லாரி திருவொற்றியூர் தேரடிக்கு வந்துசேர எவ்வளவு நேரம் ஆகும்? தூரம் பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. விடியற்காலையில் புறப்பட்டால் அரை மணி நேரம் போதும். அதே வண்டி காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் எப்போது வரும் என்று கடைக்காரராலும் சொல்ல முடியாது, டிரைவராலும் சொல்ல முடியாது. இந்தத் தாமதத்திற்கு யாரும் பில் போடுவதில்லை. ஆனால் வண்டியின் காத்திருப்பு வாடகை, சும்மா உட்கார்ந்திருக்கும் லோடுமேன் கூலி, வாடிப்போன காய்கறி, சரக்கு இல்லை என்று திரும்பிப்போன வாடிக்கையாளர் என்று அது நம் கல்லாவில்தான் வந்து கழிகிறது.

"வண்டிகள் பெருகிவிட்டன, அதனால் நெரிசல்" என்பது எல்லோரும் சொல்லும் பதில். அது பாதி உண்மை. அதே சாலையில் இரவு பத்து மணிக்கு மேல் வண்டிகள் தாராளமாகப் போகின்றனவே! ஆக, எத்தனை வண்டி என்பது மட்டும் கேள்வியல்ல. எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதும் சேர்ந்ததுதான் நெரிசல். இந்த இரண்டையும் புரிந்துகொண்டால், அரசாங்கம் செய்ய வேண்டியது எது, நாமே செய்துகொள்ளக் கூடியது எது என்பது தெளிவாகும்.

கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நம் பகுதி ஒரு நீண்ட பட்டைபோலக் கிடக்கிறது. கிழக்கே கடல். மேற்கே ரயில் பாதையும் பக்கிங்காம் கால்வாயும். வடக்கே எண்ணூர் முகத்துவாரம். இந்தப் பட்டைக்குள் வடக்கு தெற்காகப் போகும் பெரிய சாலைகள் இரண்டுதான்: திருவொற்றியூர் நெடுஞ்சாலை, கடலோரமாக எண்ணூர் விரைவுச் சாலை. ரயில் பாதையையும் கால்வாயையும் தாண்டி மேற்கே போக வேண்டுமானால் பாலமோ, சுரங்கப்பாதையோ, லெவல் கிராசிங்கோ உள்ள சில இடங்களில்தான் முடியும். ஒரு சாலையில் அடைப்பு என்றால் பக்கத்துத் தெருவில் திருப்பிக்கொண்டு போகும் வசதி இங்கே குறைவு.

சாலையைக் கிழக்கே அகலப்படுத்தலாமே என்றால், அதற்குக் கடல் இடம் கொடுப்பதில்லை. நம் கடற்கரையில் அலைகள் ஆண்டில் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு வருகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்தின் தடுப்புச் சுவர் கட்டப்பட்டதும் அந்த மணல் தெற்கேயே தங்கிவிட்டது. மெரீனா அகன்றது, ராயபுரத்திற்கு வடக்கே கடல் நிலத்தை அரித்தது. கருங்கல் கொட்டித்தான் கரையைக் காத்துவருகிறோம். துறைமுகம் நமக்குப் பிழைப்பைக் கொடுத்தது. அதே துறைமுகம் நம் சாலைக்கு இருந்த இடத்தையும் குறைத்தது.

1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. 2009-ல் இரண்டாவது முனையமும் சேர்ந்தது. ஏற்றுமதிச் சரக்கில் பெரும்பகுதி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் உண்டாகிறது. அது நகரத்திற்குத் தென்மேற்கே உள்ளது. ஆனால் கன்டெய்னர்களைச் சேர்த்து வைக்கும் கிடங்குகள் பலவும் மாதவரம், மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் இருக்கின்றன. ஆகவே பெட்டி முதலில் நகரத்தைச் சுற்றி வடக்கே வருகிறது. பிறகு எண்ணூர் விரைவுச் சாலை வழியாகத் தெற்கே இறங்கித் துறைமுக வாசலுக்குப் போகிறது. காலையில் வேலைக்குப் போகும் ஜனங்கள் போகும் திசையும் அதுதான்.

புனலில் எண்ணெய் ஊற்றுவது போல

எண்ணெய்க் கடைக்காரருக்குப் புனல் கணக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. மெதுவாக ஊற்றினால் ஒழுங்காக இறங்கும். வேகமாக ஊற்றினால் புனல் நிரம்பி வழியும். கீழ்த் துவாரம் மட்டும் பெரிதாகாது. சாலையிலும் துவாரம்தான் கணக்கு. மேலே ஆறு வழிச் சாலை இருந்தாலும், கீழே ஒரு வாசலோ ஒரு சுரங்கப்பாதையோ எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் போகும்.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு வாசல் மணிக்கு 60 டிரெய்லர்களை உள்ளே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 8 மணி முதல் மணிக்கு 75 வருகின்றன. அதிகம் வருவது 15தான். ஆனால் 12 மணிக்கு வாசலில் 60 டிரெய்லர்கள் நிற்கும். ஒன்றுக்கு இடைவெளியோடு 18 மீட்டர் என்றால், ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரிசை. பிறகு வரத்து மணிக்கு 45 ஆகக் குறைந்தாலும், சேர்ந்ததைக் கரைக்க இன்னும் நான்கு மணி நேரம் வேண்டும். காலையில் நான்கு மணி நேரம் கொஞ்சம் கூடுதலாக வந்ததற்கு மாலை 4 மணி வரை சாலை தண்டனை அனுபவிக்கிறது. சுங்கத் தாள் சரிபார்ப்பில் தாமதம், கம்ப்யூட்டர் கோளாறு என்று வாசலின் வேகம் சற்றே குறைந்தாலும் இதே கதைதான்.

இன்னொரு விஷயம். வாசலும் இல்லை, விபத்தும் இல்லை, ஆனாலும் வண்டிகள் நின்று நின்று போவதைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். தடை எதுவும் இல்லை. சிறிது நேரத்தில் யாரோ ஒருவர் லேசாகப் பிரேக் பிடிக்க, பின்னால் வந்தவர் அதைவிட அழுத்திப் பிடிக்க, கடைசியில் சில கார்கள் முழுதாக நின்றேவிட்டன. அந்த நிறுத்தம் அலைபோலப் பின்னோக்கி நகர்ந்தது. சாலை நிறைந்திருக்கும் நேரத்தில் ஒரு வண்டியின் தயக்கம் பின்னால் வரும் ஐம்பது வண்டியைத் தாக்கும். ஒருமுறை நின்றுபோன கூட்டம் மறுபடி நகரும்போது பழைய அளவுக்கு வண்டிகளைச் சாலையால் அனுப்ப முடிவதில்லை என்பதும் ஆய்வாளர்கள் கண்டது.

மேம்பாலம் வந்தால் தீருமா?

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் தொடங்கப்பட்டது. இப்போது அது காமராஜர் துறைமுகம். 2011-ல் உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பின் நிலக்கரி சென்னைத் துறைமுகத்திலிருந்து அங்கே மாறியது. எண்ணூர் – மணலி சாலை மேம்பாட்டுத் திட்டத்தில் சுமார் 30 கிலோமீட்டர் சாலைகள் அகலப்படுத்த எடுத்துக்கொள்ளப்பட்டன. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. அதன் வேலை நடந்த ஆண்டுகளில் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக் கடைகள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. இன்று அது ஓடுவதால், பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் போக வேண்டியவர்களில் ஒரு பகுதியினராவது சாலையை விட்டு விலகியிருக்கிறார்கள்.

ஆனால் பெரிய திட்டங்களின் வேகத்தையும் பார்க்க வேண்டும். துறைமுகம் – மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2012-ல் வேலை நின்றது. வழக்கு, வரைபட மாற்றம் எல்லாம் முடிந்து, இரண்டு அடுக்குச் சாலையாக 2022 மே மாதம் மறுபடி அடிக்கல் நாட்டப்பட்டது. இரண்டு அடிக்கல்லுக்கும் நடுவே பதின்மூன்று ஆண்டுகள்! அதற்காகக் காத்திருந்து கடை நடத்த முடியுமா?

மேலும், உயர்மட்டச் சாலை வாசல் வரை வேகமாகக் கொண்டுவந்து விடும். வாசலின் துவாரத்தைப் பெரிதாக்காது. புனலின் வாயை அகலமாக்குவது ஒன்று. துவாரத்தைப் பெரிதாக்குவது வேறு.

மற்ற ஊர்கள் கற்ற பாடம்

1975-ல் சிங்கப்பூர் ஒரு புதுமை செய்தது. காலை 7.30 முதல் 9.30 வரை நகர மையத்துக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம் விதித்தது. அந்த இரண்டு மணி நேர நெரிசல் மளமளவென்று குறைந்தது. ஆனால் பலர் 9.30 எப்போது அடிக்கும் என்று காத்திருந்து ஒரே சமயத்தில் நுழைந்தார்கள். கட்டண நேரத்தை 10.15 வரை நீட்ட வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் 2005-ல் பகலில் கன்டெய்னர் எடுத்தால் கட்டணம், இரவில் எடுத்தால் இல்லை என்று வைத்தார்கள். கணிசமான வண்டிகள் இரவுக்கு மாறின. ஆனால் மாலை 6 மணிக்கு முன்பே லாரிகள் வந்து வாசலில் காத்துக் கிடந்தன. 2018-ல் அந்த முறையை மாற்றி, இரவு பகல் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டணம், முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு வருவது என்று செய்தார்கள்.

இரண்டும் சொல்லும் பாடம் ஒன்றே. நேரத்தை மாற்றினால் நெரிசல் குறையும். எல்லோரும் ஒரே நேரத்துக்கு மாறினால் நெரிசலும் கூடவே வரும். நேரத்தைப் பகிர்ந்துகொண்டால்தான் பலன்.

நம் கடை வாசலிலும் ஒரு புனல்

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். காலை பத்து மணிக்கு நெடுஞ்சாலையோரம் பாருங்கள். ஒரு கடை முன்னால் அரிசி வண்டி. நாலு கடை தள்ளி சோப்புக் கம்பெனி ஏஜென்சி வேன். எதிரே எண்ணெய் டின் இறக்கும் லோடு ஆட்டோ. ஒவ்வொன்றும் இருபது நிமிடம்தான். ஆனால் அந்த இருபது நிமிடமும் பஸ்ஸும் லாரியும் ஒரே வரிசையில் நெருங்கிப் போக வேண்டும். கன்டெய்னர் வரிசையைக் குறை சொல்லும் நாம், நம் வாசலில் இருக்கும் சின்னப் புனலையும் பார்க்க வேண்டும். நமக்குச் சரக்கு வராமல் தடுப்பது சில சமயம் பக்கத்துக் கடைக்குச் சரக்கு இறக்கும் வண்டிதான்!

செய்யக் கூடியவை சில:

1. அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு போன்ற கெடாத சரக்கு காலை 7 மணிக்குள்ளோ இரவு 9 மணிக்கு மேலோ வரட்டும். காய்கறி, பால் ஏற்கெனவே விடியற்காலையில் வந்துவிடுகின்றன.

2. ஒரே தெருவில் உள்ள ஐந்தாறு கடைகள் சேர்ந்து ஒரே வண்டியில் லோடு எடுக்கலாம். ஆறு அரை லோடு வண்டிகளுக்குப் பதில் மூன்று முழு லோடு வண்டிகள். வாடகையும் மிச்சம்.

3. வேகமாக ஓடும் சரக்கில் இரண்டு நாள் இருப்பைக் கூட்டி வைக்கலாம். முதல் முடங்குமே என்பார்கள். 20,000 ரூபாய்ச் சரக்கு கூடுதலாக வைத்தால், ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் மாதம் 200 ரூபாய். வண்டி ஒரு நாள் காத்து நின்றால் எவ்வளவு போகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. ஏஜென்சிக்காரர்களிடம் தெரு வாரியாக நாளும் நேரமும் கேட்டு வாங்க வேண்டும். தனிக் கடைக்காரர் கேட்டால் நடக்காது. தெருவே கேட்டால் நடக்கும்.

5. பக்கத்துப் பக்கத்துத் தெருக்கள் ஒரே நேரத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதில் சிரமம் இல்லாமல் இல்லை. இரவில் இறக்கினால் லோடுமேன்களுக்குக் கூலி கூட்டித் தர வேண்டும், அது நியாயம். பின்கட்டில் குடியிருப்போர் தூக்கம் கெடாமல் பார்க்க வேண்டும். கல்லாவுக்கும் சரக்குக்கும் பாதுகாப்பு வேண்டும். சிறு கடைக்காரர் அதிகாலையில் தாமே வந்து திறக்க வேண்டும். இந்தச் சுமைகளை எடைபோட்டு, எந்தத் தெருவுக்கு எது பொருந்தும் என்று அந்தந்தத் தெரு வணிகர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அரசிடம் கேட்பதையும் நாம் விடக்கூடாது. டிரெய்லர்கள் காத்திருக்கச் சாலை அல்ல, தனி வளாகம் வேண்டும். வண்டிகள் நேரம் குறித்துக்கொண்டு வர வேண்டும். நெடுஞ்சாலையோரம் சரக்கு இறக்க ஒதுக்கிடம் வேண்டும். ரயில் பாதையைத் தாண்டும் வழிகள் பெருக வேண்டும். நம் வாசலைச் சீர்செய்துவிட்டுக் கேட்டால், அந்தக் கோரிக்கைக்கு எடை கூடும்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பது தேரடிக்காரர்களுக்குத் தெரியாததல்ல. வரும் மாதக் கூட்டத்திற்கு வரும்போது, உங்கள் தெருவில் எந்தக் கடைக்கு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வண்டி வருகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பேச்சை அங்கிருந்து தொடங்குவோம்.