கண்ணாடி வெட்டப் பழகிய ஆறு செவ்வாய்க்கிழமைகள்

போன வருடம் எங்கள் இளையோர் குழு யோர்க் நகருக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? யோர்க் மின்ஸ்டர் பேராலயத்தின் பெரிய கிழக்குச் சாளரத்துக்கு முன்னால் நாங்கள் நின்றது எல்லாமாக ஐந்து நிமிடம். இரண்டு பேர் செல்பி எடுத்தார்கள். ஒரு தம்பி, "அக்கா, பசிக்குது" என்றான். உடனே எல்லோரும் பிட்சாக் கடை தேடிப் புறப்பட்டுவிட்டோம். உங்களைக் குறை சொல்லவில்லை. கடையை முதலில் கண்டுபிடித்தது நான்தான்.

இப்போது திரும்பப் போனால் அந்தச் சாளரத்தடியில் ஒரு மணி நேரமாவது நிற்பேன். இந்தக் குளிர்காலத்தில் ஆறு செவ்வாய்க்கிழமை மாலைகளில் வண்ணக் கண்ணாடி வகுப்புக்குப் போனேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பொருளைச் செய்து முடிக்கவே எனக்கு ஆறு வாரம் பிடித்தது. அதன்பிறகுதான் அந்தச் சாளரத்தின் பெருமை எனக்கு விளங்கியது.

ஏன் போனேன்?

வகுப்பைப் பற்றிச் சொல்லுவதற்கு முன் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதை இன்னும் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. இந்த இதழ் வீட்டுக்கு வருவதற்கு முன் சொல்லிவிடுவேன்.

நான் நேர்ஸ் என்பது உங்களுக்குத் தெரியும். கடந்த ஆவணி மாதம், பன்னிரண்டு மணி நேர வேலை முடியப்போகிற நேரத்தில், ஒரு நோயாளிக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை அடுத்த கட்டிலில் இருந்தவரிடம் கொண்டுபோனேன். பெயரும் பிறந்த திகதியும் கேட்டபோதுதான் ஆள் மாறிவிட்டது தெரிந்தது. மருந்து கொடுக்கப்படவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முறைப்படி நானே பதிவு செய்தேன். பொறுப்பாளர் என்னைத் திட்டவும் இல்லை. "கேட்டுப் பார்க்கிற வழக்கம் இதற்காகத்தான் இருக்கிறது, அது தன் வேலையைச் செய்திருக்கிறது" என்றார்.

ஆனால் எனக்குள் ஏதோ உடைந்துவிட்டது. அதன்பிறகு ஒரு மாத்திரையை ஏழு தரம் பார்த்தேன். வீட்டுக்கு வந்தும் நித்திரை வரவில்லை. ஊசி ஏற்றும்போது விரல் நடுங்கியது. பதினொரு வருடம் செய்த வேலை. இதை விட்டுவிடுவோமா என்றுகூட யோசித்தேன்.

அந்த நேரத்தில்தான் என்னோடு வேலை செய்கிற ஒருத்தி, தான் காசு கட்டிய வகுப்பொன்றுக்குப் போக முடியவில்லை என்று தன் இடத்தை எனக்குத் தந்தாள். "மட்பாண்டமா?" என்று கேட்டேன். "இல்லை, கண்ணாடி" என்றாள். கை நடுங்குகிற ஒருத்திக்குக் கண்ணாடியா என்று சிரிப்பு வந்தது. ஆனாலும் போனேன்.

ஒரே கோடு

எங்கள் ஊர்ச் சமூக நிலையத்தின் பின்னறை. எட்டுப் பேர். எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. ஆசிரியைக்கு எழுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். முதல் நாள் அவர் எங்களுக்குத் தந்தது சாதாரண யன்னல் கண்ணாடித் துண்டுகள்தான். "இன்று ஒன்றும் செய்யப் போவதில்லை, உடைக்கப் போகிறோம்" என்றார்.

கண்ணாடியை வெட்டுவது என்று சொல்லுகிறோமே தவிர, உண்மையில் யாரும் அதை வெட்டுவதில்லை. கட்டரின் நுனியில் மிகக் கடினமான உலோகத்தில் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. அதை எண்ணெயில் தோய்த்து, கண்ணாடியின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். அது மேற்பரப்பில் ஒரு மெல்லிய கீறலை மட்டும் உண்டாக்கும். பிறகு கீறலின் இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக வளைத்தால், அந்தக் கீறல் வழியே கண்ணாடி தானாகப் பிளந்து போகும்.

அழுத்தம் சரியாக இருந்தால், சிப் இழுக்கிற மாதிரி ஒரு சீரான சத்தம் கேட்கும். அழுத்திவிட்டால் கீறலில் வெள்ளைத் தூள் பறக்கும். அந்தத் துண்டு நினைத்தபடி பிளக்காது. மிக முக்கியமான விதி: ஒரே கோட்டில் இரண்டாம் தரம் ஓட்டக் கூடாது. சில்லும் கெட்டுப்போகும், கண்ணாடியும் கோணலாக உடையும்.

"ஒரு தரம்தான்" என்று கேட்டதும் என் கை மறுபடி நடுங்கியது. அன்று பதினாறு துண்டு உடைத்தேன். ஒழுங்காக வந்தது மூன்று. ஆசிரியை வாளியைக் காட்டி, "அதற்குள் போடு, அடுத்ததை எடு" என்றார். அவ்வளவுதான். விசாரணை இல்லை, படிவம் இல்லை. பிழை விட்டால் வாளிக்குள் போடலாம் என்கிற ஓர் இடத்தில் நான் நின்று எத்தனை வருடம் ஆகியிருந்தது என்று வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன்.

பனையோலையும் ஆசிரியையும்

இரண்டாம் வாரம் ஆளுக்கொரு படம் வரையச் சொன்னார். நான் பெருமையாக ஒரு முழுப் பனைமரம் வரைந்து கொண்டுபோனேன். அம்மம்மா வீட்டு வேலியில் நின்ற பனை. ஆசிரியை பார்த்துவிட்டு, "அழகு. ஆனால் கண்ணாடிக்கு இது பிடிக்காது" என்றார்.

கண்ணாடிக்கும் விருப்பு வெறுப்பு உண்டு. வெளியே வளைகிற கோட்டை அது பொறுத்துக்கொள்ளும். உள்ளே ஆழமாக வளைகிற கோட்டிலும், உட்பக்கம் மடங்குகிற கூரான மூலையிலும் பிளவு நேரே ஓடிப் போய்விடும். அதனால் மரம் போனது, ஒரேயொரு ஓலை மிஞ்சியது. விசிறி மாதிரி ஏழு நீளத் துண்டுகள். அதிலும் ஒரு சிக்கல். ஏழு கூர் முனைகளும் ஒரே புள்ளியில் சேர்ந்தால் அந்த இடத்தில் ஈயம் ஒரு கட்டியாகத் திரளும். அடியில் ஓர் அரைவட்டத் துண்டை வைத்து, ஏழும் அதன் விளிம்பில் முடியும்படி மாற்றி வரைந்தோம். இயற்கைப் பனையோலையிலும் அந்த இடத்தில் காம்பு இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மூன்றாம், நான்காம் வாரங்கள் வேலை மும்முரமானது. நிறக் கண்ணாடியை வெட்டி, தண்ணீர் ஓடுகிற சின்னக் கிரைண்டரில் விளிம்பைத் தேய்த்து, ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் பசையுள்ள மெல்லிய செப்பு நாடாவால் சுற்ற வேண்டும். நாடாவின் அகலம் ஐந்தாறு மில்லிமீற்றர்தான். இரண்டு பக்கமும் சமமாக மடிந்திருக்க வேண்டும். காயத்துக்குக் கட்டுப் போடுகிற எனக்கு இந்த வேலை மட்டும் உடனே பிடிபட்டது. பக்கத்து மேசைத் தாத்தா தன் துண்டையும் என்னிடம் தந்துவிட்டார்!

நாடா சுற்றிய துண்டுகளைப் படத்தின் மேல் அடுக்கி, ஃப்ளக்ஸ் பூசி, சூடான சோல்டரிங் கம்பியால் ஈயமும் வெள்ளீயமும் கலந்த கம்பியை உருக்கி விட்டால், அது செம்பில் பற்றிக்கொண்டு எல்லாத் துண்டையும் ஒன்றாக்கிவிடும். இதற்குச் செப்பு நாடா முறை என்று பெயர். பழைய தேவாலயங்களில் உள்ளது வேறு முறை. பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில 'எச்' எழுத்துப் போல இருக்கிற ஈயச் சட்டத்தின் இரண்டு பள்ளங்களுக்குள்ளும் கண்ணாடியைச் செருகி, சட்டங்கள் சந்திக்கிற இடங்களில் மட்டும் பற்றவைப்பார்கள்.

ஒரு நேர்ஸாக ஓர் எச்சரிக்கை. ஈயம் உடம்புக்குள் போகக் கூடாது. அது பெரும்பாலும் கையிலிருந்து வாய்க்குத்தான் போகும். அந்த மேசையில் சாப்பிடவும் குடிக்கவும் கூடாது, முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். ஃப்ளக்ஸின் புகை சுவாசத்துக்குக் கூடாது. யன்னல் திறந்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் இந்த வேலைக்குக் கிட்ட வராமல் இருப்பது நல்லது.

யோர்க்கில் நாங்கள் பார்க்காதது

வகுப்புக்கு இடையில் ஆசிரியை சொன்ன கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது யோர்க் சாளரத்தின் கதை. 1405-ல் கொவென்ட்ரி நகரத்து ஜோன் தோர்ன்டன் என்ற கைவினைஞருடன் ஒப்பந்தம் எழுதினார்கள். மூன்று வருடத்தில் முடிக்க வேண்டும். 1408-ல் முடித்துக் கொடுத்தார். மொத்தக் கூலி 56 பவுண். ஒரு டென்னிஸ் மைதானத்தின் அளவு என்று சொல்லப்படுகிற அந்தச் சாளரத்தில் ஆதியாகமத்தின் படைப்பும் வெளிப்படுத்தலின் முடிவும் இருக்கின்றன. மின்சாரம் இல்லாத காலம், மூன்று வருடம்! எனக்கு எட்டுத் துண்டுக்கு ஆறு வாரம்.

நிறம் எப்படி வந்தது என்று கேட்டேன். பெரும்பாலும் கண்ணாடி உருகி இருக்கும்போதே உலோகங்களைக் கலந்திருக்கிறார்கள். கோபால்ட் நீலம் தரும், செம்பு சிவப்பும் பச்சையும் தரும், மாங்கனீசு ஊதா தரும். முகங்களும் உடை மடிப்புகளும் மேலே தூரிகையால் வரைந்து சூளையில் சுட்டவை. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் புதிதாக ஒன்று பரவியது. வெள்ளியின் சேர்மத்தைக் கண்ணாடியின் பின்புறம் பூசிச் சுட்டால் மஞ்சள் நிறம் ஊறிப் போகும். ஒரே துண்டில் வெள்ளை முகமும் பொன் முடியும் வைக்க முடிந்தது அதன்பிறகுதான்.

'டிக்'

ஐந்தாம் வாரம். கடைசிக் கோட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோடு மழமழவென்று வரவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சூட்டுக் கம்பியை ஒரே இடத்தில் வைத்துத் தேய்த்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். நடு ஓலையில் குறுக்கே ஒரு வெடிப்பு.

சூடு ஒரே இடத்தில் ஏறினால் கண்ணாடி தாங்காது என்று எங்களுக்கு முதலே சொல்லியிருந்தார். ஏழு தரம் பார்க்கிற என் பழக்கம்தான் அதை உடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எட்டுப் பேருக்கு முன்னால், ஒரு கண்ணாடித் துண்டுக்காக. வெட்கமாக இருந்தது.

அந்தத் துண்டை எடுத்துவிட்டு வேறொன்று போடலாமா என்று கேட்டேன். "போடலாம். சுற்றியுள்ள ஈயம் முழுவதையும் உருக்கி எடுக்க வேண்டும். அப்போது பக்கத்துத் துண்டுகளும் வெடிக்கலாம். இல்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது" என்றார். பிறகு பழைய சாளரங்களைப் பற்றிச் சொன்னார். பல நூற்றாண்டு பழைய கண்ணாடிகளில் சில கறுப்புக் கோடுகள் படத்தோடு பொருந்தாமல் ஒரு முகத்துக்குக் குறுக்கே, ஒரு கைக்குக் குறுக்கே ஓடும். அவை கைவினைஞர் போட்ட கோடுகள் அல்ல. பிற்காலத்தில் கண்ணாடி வெடித்தபோது, அதைத் தூக்கி எறியாமல் வெடிப்பின் வழியே ஈயம் வைத்துத் தைத்த இடங்கள். இந்தக் காலத்தில் வெடிப்பைப் பிசினால் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டவும் வசதி இருக்கிறது. ஆனால் அன்று அந்த ஈயக் கோடு இருந்ததால்தான் அந்த முகங்கள் இன்றுவரை வந்து சேர்ந்திருக்கின்றன.

வெடிப்பின் மேல் முன்னும் பின்னும் செப்பு நாடா ஒட்டி, ஈயம் ஓட்டினோம். இப்போது என் பனையோலையில் ஒரு கோடு அதிகம்.

அன்றிரவு ஒன்று விளங்கியது. வாட்டில் நடந்ததை வாளிக்குள் போட முடியாது. அங்கே இருப்பது மனிதர். அதனால்தான் ஒவ்வொரு பிழையையும், நடக்கவிருந்த பிழையையும்கூட, எழுதி வைக்கிறோம். என் பெயருக்குப் பின்னால் ஓர் அவமானமாக நான் சுமந்து திரிந்த அந்தப் பதிவு, உண்மையில் வெடிப்பின் மேல் வைத்த ஈயம். அது தெரியத்தான் வேண்டும். தெரிந்தால்தான் பிடிக்கும்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இப்போதும் சில நாள் நாலு தரம் பார்க்கிறேன். ஆனால் ஏழு இல்லை. வேலையை விடுகிற எண்ணமும் இப்போது இல்லை.

உங்களுக்கு

தம்பி தங்கைமாரே, எங்கள் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளைக்கு எது நன்றாக வருமோ அதை மட்டும் செய்ய விடுவோம். வயலின் என்றால் அடுத்த தரப் பரீட்சை, கணக்கு என்றால் முதலாமிடம். சரியாக வராததை மெதுவாக நிறுத்திவிடுவோம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். முப்பத்துநாலு வயதில் பதின்மூன்று துண்டைப் பிழையாக உடைத்தபோதுதான், பழகுகிறவளாக இருப்பது எப்படி என்றே எனக்குத் தெரியாது என்பது தெரிந்தது. பரீட்சை இல்லாத, சான்றிதழ் இல்லாத ஏதாவது ஒன்றைத் தொடங்குங்கள். கண்ணாடிதான் என்று இல்லை; ரொட்டி சுடுவதாகவும் இருக்கலாம். எரேமியா குயவன் வீட்டில் பார்த்த களிமண்கூட முதல் தரம் சரியாக வரவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிதான் பிடிக்கும் என்றால் முதலில் ஈலி பேராலயத்துக்குள் இருக்கிற வண்ணக் கண்ணாடி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கண்ணாடிகளை முகத்துக்கு நேரே, கிட்ட நின்று பார்க்கலாம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

என் பனையோலை குசினி யன்னலில் தொங்குகிறது. இரவு வேலை முடிந்து வருகிற காலைகளில், வெயில் இருந்தால், தேத்தண்ணீர்க் கோப்பையின் மேல் பச்சை விழும். போன ஞாயிறு வீட்டுக்கு வந்த ஒரு தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, எல்லாக் கோடும் நேரே போகுது, இது மட்டும் ஏன் குறுக்கே போகுது?" என்று கேட்டாள்.

அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.