நண்டுக்கறிக்கு ஏற்ற கள்ளு

வாழைச்சேனையிலிருந்து திருகோணமலை வீதியால் வடக்கே போகிறவர்கள் வாகரையை எட்டுமுன் மாங்கேணியைக் கடப்பார்கள். கடலோரத்து மணல்தரை, பனை, தென்னை, மரமுந்திரிகை. தெற்கே சிறிது தூரத்தில் பாசிக்குடா. போருக்குப் பின்னர் அங்கே எழும்பிய ஹோட்டல்களுக்கு வெளிநாட்டுப் பயணிகள் வருகிறார்கள். சாப்பாட்டு மேசைக்கு வைனும் பியரும் வருகின்றன. எதற்கு எது பொருந்தும் என்ற கேள்விக்கு ஐரோப்பாவில் ஒரு பழைய பதில் உண்டு: மீனுக்கு வெள்ளை வைன், இறைச்சிக்குச் சிவப்பு. வெண்ணெயில் வாட்டி எலுமிச்சை பிழிந்த மீனை மனதில் வைத்துச் சொன்ன பதில் அது. செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பாலும் முருங்கையிலையும் சேர்ந்து கொதித்த களப்பு நண்டுக்கறிக்கு அது போதாது.

அந்தக் கறிக்குப் பொருத்தமான குடிவகை அதே மணலில் வேர்விட்ட மரத்தின் உச்சியில் முட்டியில் சொட்டிக்கொண்டிருக்கிறது. கள்ளை அப்படி மதித்துப் பார்க்கும் பழக்கம்தான் நம்மிடம் குறைவு.

வைன் சுவைக்கிறவர்களிடம் கற்றுக்கொள்ளக்கூடிய நல்ல பழக்கம் நிதானம். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பார்கள். பிறகு மணந்து பார்ப்பார்கள். பிறகு ஒரு சிறு வாய் எடுத்து நாக்கு முழுவதும் படவிட்டு விழுங்குவார்கள். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகிய சிலவே. மற்றதெல்லாம் வாயின் பின்புறத்தால் மூக்குக்கு ஏறும் மணம். தடிமன் பிடித்த நாளில் எந்தக் கறியும் சப்பென்று இருப்பது அதனால்தான்.

இதே நிதானத்தோடு ஒரு கிளாஸ் கள்ளை எடுத்தால் என்ன தெரியும்? பால் கலந்த நீர்போல மங்கலான வெண்மை. விளிம்பில் மெல்லிய நுரை. அடியிலிருந்து ஓயாமல் மேலே வரும் குமிழிகள். விடியற்காலையில் இறக்கியதில் இனிப்பு முன்னுக்கு நிற்கும். புளித்த மாவின் மணம் லேசாக வரும். மத்தியானத்தில் இனிப்பு பின்வாங்கிப் புளிப்பு ஏறும். பின்னேரமாகும்போது மூக்கில் குத்தும் காடி வாசம் தொடங்கிவிடும். ஒரு வைன் பல ஆண்டுகளில் அடைகிற மாற்றத்தைக் கள்ளு ஒரே பகலில் அடைந்துவிடுகிறது.

காரணம் எளிது. பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவினால் வடியும் சாற்றில் பத்து வீதத்துக்குக் குறையாத சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் முட்டியின் உட்சுவரிலும் வாழும் இயற்கை மதுவம் அந்தச் சர்க்கரையை உடனே மதுசாரமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றத் தொடங்கும். சில மணி நேரத்தில் மதுசாரம் நான்கு, ஐந்து வீதத்தை எட்டும். கூடவே லக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பற்றீரியாக்கள் புளிப்பைக் கொடுக்கும். அதற்குப் பிறகு வரும் அசற்றிக் பற்றீரியா, கள்ளை வினாகிரியாக்கிவிடும். முட்டியில் சுண்ணாம்பு தடவினால் இந்த வேலை எதுவும் நடக்காது. கிடைப்பது இனிப்பான பதநீர். தென்னை ஆண்டு முழுவதும் பாளை விடும். பனை அப்படியல்ல, அதற்குப் பருவம் உண்டு. ஆகவே பனங்கள்ளுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம். மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கப்சைசின் நாக்கில் சுவை நரம்பைத் தொடுவதில்லை. சூட்டை உணரும் ஏற்பியைத் தூண்டுகிறது. மதுசாரமும் அதே ஏற்பியைத்தான் தூண்டும். அதனால் 14 வீத மதுசாரம் கொண்ட சிவப்பு வைனை உறைப்பான கறியோடு குடித்தால் வாய் இரண்டு மடங்கு எரியும். மீனோடு சேரும்போது இன்னொரு தொல்லை. ஜப்பானின் மெர்சியன் வைன் நிறுவன ஆய்வாளர்கள் 2009இல் பல வைன்களை உலர்ந்த ஸ்கலொப் சிப்பியோடு சுவைத்துச் சோதித்தார்கள். வைனில் இரும்புச்சத்து கூடக்கூட வாயில் மிஞ்சும் வெடுக்கு மணமும் கூடியது. சிவப்பு வைன்களில் இரும்பு கூடுதலாக இருப்பது வழக்கம் என்பதால், மீனுக்குச் சிவப்பு ஆகாது என்ற பழைய நம்பிக்கைக்கு ஒரு காரணமும் கிடைத்தது.

நண்டுக்கறிக்குத் தேவை குறைந்த மதுசாரம், கொஞ்சம் இனிப்பு, தேங்காய்ப்பாலின் கொழுப்பை நாக்கிலிருந்து கழுவிவிடும் புளிப்பும் நுரைப்பும். ஜெர்மனியின் ரீஸ்லிங் வகையில் சற்று இனிப்பான வைனை ஆசிய உணவுக்குப் பலர் பரிந்துரைப்பது இந்தக் கணக்கில்தான். காலைக் கள்ளிலும் இதே குணங்கள் எல்லாம் இருக்கின்றன.

பொருத்தத்திலும் நேரம் பார்க்கவேண்டும். இனிப்பு மிஞ்சிய காலைக் கள்ளு உறைப்பான நண்டுக்கும் இறால் பிரட்டலுக்கும் நல்லது. புளிப்பேறிய மத்தியானக் கள்ளு பொரித்த மணலை மீனுக்கும் கருவாட்டுப் பொரியலுக்கும் எடுபடும். எண்ணெய்ப் பிடிப்பை அது அறுத்துவிடும். சுறா வறைக்கு இரண்டும் சரி. புளி கூட்டிய மீன்குழம்புக்குப் புளித்த கள்ளு வேண்டாம். புளிப்பின் மேல் புளிப்பு ஏறினால் மீனின் ருசி காணாமல் போகும். கேரளத்துக் கள்ளுக்கடைகளில் மரவள்ளிக்கிழங்கும் மிளகாய் மிதக்கும் மீன்கறியும் கள்ளோடு வந்து, குடிக்காதவர்களையும் சாப்பாட்டுக்காகவே இழுக்கின்றன. நம்முடைய தவறணைகளில் அந்தச் சாப்பாட்டுப் பெருமை வளரவில்லை.

பியருக்கும் இங்கே இடம் உண்டு. 1849இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் தொடங்கிய பியர் ஆலையின் வழிவந்தது லயன் பியர். அதன் லாகர் பொரியலுக்குப் போதும். 8.8 வீத மதுசாரம் கொண்ட லயன் ஸ்டவுட் வேறு குணம்: வறுத்த மோல்ட்டின் கோப்பி வாசம், அடர்ந்த கறுப்பு, தடித்த நுரை. பிரித்தானிய பியர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் பாராட்டி எழுதிய பிறகு வெளிநாடுகளிலும் அதற்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள். உறைப்புக் கறிக்கு அது கனம். தொதலோடும் பனங்கட்டியோடும் வைத்துப் பார்த்தால் அதன் கசப்பு அழகாக அடங்கும். யாழ்ப்பாணத்து ரோசரியன் கன்னியர் மடத்தின் கறுவா, கராம்பு மணக்கும் இனிப்பு வைனும் சாப்பாடு முடிந்தபின் அருந்த ஏற்றதே.

இவற்றுக்கெல்லாம் கிடைத்த மரியாதை கள்ளுக்குக் கிடைக்கவில்லை. கள்ளைக் குடித்தவர்களும் அதைச் சீவியவரைச் சாதி சொல்லித் தள்ளிவைத்தார்கள். பாளைக்கத்தியோடு நாளுக்கு இரண்டு முறை அத்தனை உயரம் ஏறி இறங்குகிறவரின் கைவினை, திராட்சைத் தோட்டக்காரரின் கைவினைக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. வழுக்கினால் உயிர் போகும் தொழில் அது.

ஆனாலும் குடியால் நொந்த வீடுகள் மட்டக்களப்பில் எத்தனையோ உண்டு. கசிப்பு அழித்த குடும்பங்களை ஊரே அறியும். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பது குற்றம். சுவைப்பது என்றால் ஒரு கிளாஸோடு, சாப்பாட்டோடு, நிறுத்தத் தெரிந்து சுவைப்பது. குடிக்காமல் இருப்பவர் எதையும் இழந்துவிடவில்லை. அதே நண்டுக்கறிக்குக் குளிர்ந்த பதநீரும் பொருந்தும்.

யாழ்ப்பாணத்தில் போத்தலில் அடைக்கும் கள்ளு கடல் கடந்தும் போகிறது. கெடாமல் இருப்பதற்காகச் சூடேற்றி நொதிப்பை நிறுத்துவதால், முட்டியிலிருந்து இறக்கிய கள்ளின் துள்ளல் அதில் இருக்காது. பாசிக்குடாவில் சமையற்கூடம் நடத்துகிறவர்களுக்கு அந்தக் கவலை தேவையில்லை. மரம் பக்கத்திலேயே நிற்கிறது. உரிய அனுமதியோடு சீவல் தொழிலாளரிடம் நேரே, நியாய விலைக்கு வாங்குங்கள். பனையா தென்னையா, எத்தனை மணிக்கு இறக்கியது என்று உணவுப் பட்டியலில் எழுதுங்கள். நண்டுக்கறிக்குப் பக்கத்தில் அதை வையுங்கள்.