காந்தத்துக்கு ரத்தம் காட்டும் இரண்டு முகம்

ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் அதை இழுத்து ரத்த ஓட்டத்தைச் சீராக்கும் என்று சொல்லிக் காந்த வளையல் விற்கிறார்கள். நோயாளிகள் நம்பி வாங்குவதைப் பார்த்தால் மனம் கனக்கிறது. உடலில் ஓடும் ரத்தத்தைக் காந்தம் இழுப்பதில்லை. மொத்தத்தில் மிக மிக மெல்லத் தள்ளவே செய்கிறது.

1845-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே உலர்ந்த ரத்தத்தைச் சோதித்தார். இரும்பு இருந்தும் அது காந்தத்திடம் ஈர்க்கப்படவில்லை. புதிய ரத்தத்தையும் சோதிக்க வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்த வேலை 1936 வரை காத்திருந்தது. கலிபோர்னியாவில் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெல்லும் ஹீமோகுளோபினின் காந்த ஏற்புத்திறனை, அதாவது வெளியே இருந்து வரும் காந்தப்புலத்துக்கு அது எவ்வளவு ஆட்படுகிறது என்பதை அளந்தார்கள். ஆக்சிஜனைச் சுமக்கும்போது அது டயா காந்தம், விலகும். இறக்கிவிட்டதும் பாரா காந்தம், ஈர்க்கப்படும். ஆக்சிஜன் போனதும் ஒவ்வொரு இரும்பணுவிலும் நான்கு எலெக்ட்ரான்கள் ஜோடியில்லாமல் நிற்பதுதான் காரணம்.

 

வேதியியல் அளவாக இருந்த இந்த வேறுபாடு 1990-இல் மூளைக்குள் நுழைந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா எலிகளின் மூளையை வலிமையான எம்ஆர்ஐ கருவியில் படமெடுத்தபோது, ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினால் ரத்தக்குழாய்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தன. தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கக் கொடுத்ததும் கோடுகள் மறைந்தன!

மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்பானால், அது செலவழிப்பதைவிடக் கூடுதலான ஆக்சிஜன் அங்கே வந்து சேர்கிறது. பாரா காந்த ஹீமோகுளோபின் குறைகிறது, சிக்னல் சற்றே உயர்கிறது. 1992-இல் இது மனித மூளையிலும் பதிவானது. ஊசி வேண்டாம், கதிரியக்கப் பொருள் வேண்டாம்.

ஆனால் படத்தில் ஒளிர்வது எண்ணம் அல்ல, ரத்தம். அதுவும் சில விநாடிகள் தாமதமாக. ‘மனதைப் படிக்கும் கருவி’ என்று தலைப்பிடுகிறவர்கள் இதை மறைத்துவிடுகிறார்கள்.

எனக்குப் பெரிதாகத் தெரிவது மருத்துவமனைப் பயன்தான். மூளைக்குள் கசிந்த ரத்தம் விட்டுச்செல்லும் இரும்பு, சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குலைக்கிறது. எஸ்டபிள்யூஐ என்ற எம்ஆர்ஐ முறை அந்தக் குலைவையே படமாக்குகிறது. தலையில் அடிபட்டவருக்குச் சாதாரண சிடி ஸ்கேனில் தப்பிவிடும் நுண்கசிவுகூட இதில் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்துவிடுகிறது.