மோதிரத்தை நெருப்பில் இட்டது யார்?

உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் கனத்த ஆங்கில மாயக்கதை நூல்களை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தையும் மறந்து அமர்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். பூதமும் மந்திரவாதியும் நிறைந்த வீண்கதை என்று அவற்றை ஒதுக்குவோர் பலர். அங்ஙனம் ஒதுக்குமுன் ஒன்றை அறிதல் நலம். நம் முன்னோர் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட வினாவொன்று அக்கதைகளின் நடுவே கிடக்கின்றது. நடப்பதெல்லாம் முன்பே விதிக்கப்பட்டதாயின், மனிதனின் விருப்பத்திற்கு இடம் ஏது? தீமை எங்கிருந்து வருகின்றது?

மாயக்கதை மேனாட்டாருக்கு மட்டும் உரியதன்று. 'ஆயிரத்தொரு இரவுக'ளில் அஜீப் என்னும் மன்னனின் கதை உண்டு. ஒரு நகை வணிகரின் மகன் அஜீபின் கையால் மாள்வான் என்று சோதிடர் கூற, தந்தை மகனை ஆளில்லாத் தீவொன்றின் நிலவறையில் ஒளித்து வைக்கிறார். கப்பல் உடைந்து கடலில் அலைந்த அஜீபோ அதே தீவில் கரை சேர்கிறான். சிறுவனிடம் அன்பு கொண்டு, தன் பிள்ளைபோல் பேணுகிறான். கெடு முடியும் நாளில் அவனுக்குப் பழம் நறுக்கவெனக் கத்தியை எடுக்கையில் கால் இடறுகிறது. கத்தி சிறுவனின் நெஞ்சில் பாய்ந்துவிடுகிறது.

இங்கே அஜீபிடம் தீய எண்ணம் எள்ளளவும் இல்லை. விதி அவன் கையைக் கருவியாக்கிக் கொண்டது, அவ்வளவே. மனிதன் காற்றில் அலையும் சருகு போன்றவன் என்ற ஜப்ரிய்யாக்கள் இக்கதையைக் கேட்டால் மகிழ்ந்திருப்பர். கதரிய்யாக்களோ செயல் முழுதும் மனிதனுடையதே என்றனர். இமாம் அஷ்அரீ அவர்கள், செயலைப் படைப்பவன் இறைவன், அதனை ஈட்டிக்கொள்பவன் மனிதன் என்று 'கஸ்பு' என்னும் கருத்தால் இடைவழி கண்டார்கள். அந்த இடைவழியைக் கதையாக்குவது எளிதன்று. விதியும் வேண்டும், விருப்பமும் வேண்டும், இரண்டில் ஒன்று மற்றதை விழுங்கிவிடவும் கூடாது.

அதனைச் செய்துகாட்டியவர் என்று நான் கருதுபவர் ஓர் ஆங்கிலேயர். ஜே.ஆர்.ஆர். டோல்கீன் 1892இல் இன்றைய தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர், பற்றுள்ள கத்தோலிக்கர். 1916இல் சோம் போர்முனையின் பேரழிவைக் கண்ணால் கண்டவர். அவருடைய 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது.

சாரோன் என்னும் தீயோன் பிறர் விருப்பங்களையெல்லாம் தன் விருப்பத்துக்குள் அடக்க ஒரு மோதிரம் செய்கிறான். அது வார்க்கப்பட்ட எரிமலையின் நெருப்பிலன்றி வேறெங்கும் அழியாது. இம்மோதிரம் மயக்கும் விதத்தைக் கவனியுங்கள். பேராசைக்காரனை மட்டுமன்று, நல்லோரையும் அது அழைக்கிறது. தன் நகரைக் காக்க விழையும் வீரன் போரோமிர் அதற்கு இரையாகிறான். ஞானியான கண்டால்ஃப் அதை ஏற்க மறுக்கிறார். எளியோர் மீதுள்ள இரக்கமே தம்மை அதனிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என அஞ்சுகிறார். ஷைத்தான் பாவத்தைப் பாவமென்று சொல்லி விற்பதில்லை என்பதை அறிந்த நமக்கு இது புதிதன்று. நன்மையை வற்புறுத்திச் செய்விக்கும் அதிகாரம் வேண்டும் என்ற ஆசையே இக்கதையில் தீமையின் வாசல்.

நல்லோர் தரப்பில் வற்புறுத்தல் இல்லை. பெரியோர் அவையில் எவரும் ஃப்ரோடோவுக்குக் கட்டளையிடவில்லை. சிற்றுருவினனான அவனே சுமையை ஏற்கிறான். ஆயினும், மோதிரம் அக்குடும்பத்தின் கைக்கு வந்தது தற்செயலன்று, அதைச் செய்தவனின் நாட்டமுமன்று என்று கண்டால்ஃப் முன்பே குறிப்பால் உணர்த்திவிடுகிறார்.

விதி எவ்வழியாக வேலை செய்கிறது? ஓர் இரக்கச் செயலின் வழியாக. ஃப்ரோடோவின் உறவினரான பில்போ, மோதிரத்துக்கு அடிமையாகிச் சீரழிந்த கொல்லம் என்பவனை இருட்குகையில் கொன்றிருக்கலாம். அவனது தனிமையை எண்ணி விட்டுவிடுகிறார். 'ஹாபிட்' என்னும் முந்தைய நூலின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பில் இக்காட்சி இல்லை. அதில் கொல்லம் மோதிரத்தைப் பரிசாகவே தர இருந்தான். பெருங்கதைக்குப் பொருந்துமாறு டோல்கீன் அவ்வதிகாரத்தைத் திருத்தி, 1951ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த இரக்கத்தைச் சேர்த்தார்.

முடிவில் நிகழ்வது என்ன? நெருப்பின் விளிம்பில் நின்ற ஃப்ரோடோ மோதிரத்தைத் தனதென்று அணிந்து கொள்கிறான்! அப்போது கொல்லம் பாய்ந்து, விரலோடு சேர்த்து அதைக் கடித்துப் பறித்து, மகிழ்ச்சியில் கால் தவறி நெருப்பில் வீழ்கிறான். அஜீபுக்கும் கால்தான் இடறியது. ஆனால் அங்கே இடறல் ஒரு பிள்ளையைக் கொன்றது. இங்கே அது உலகைக் காக்கிறது. கொல்லம் அன்றுவரை உயிரோடிருந்ததற்குக் காரணம் பில்போவும் ஃப்ரோடோவும் தாமே விரும்பிக் காட்டிய இரக்கமன்றோ!

ஃப்ரோடோ துரோகி, தண்டிக்கப்பட வேண்டியவன் என்று சினந்து எழுதிய வாசகரும் உண்டு. அவன் சக்திக்கு மீறிய சுமையைச் சுமந்து வீழ்ந்தான், அதை ஒழுக்கக் கேடாகக் கொள்ளலாகாது என்பது டோல்கீனின் விடை. எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் இறைவன் சிரமப்படுத்துவதில்லை என்று நம்பும் நாம், அவ்விடையில் நின்று யோசிக்க வேண்டியவர்கள்.

நம் பிள்ளைகள் விரும்பும் ஹாரி பாட்டர் கதையிலும் இதன் சாயலைக் காணலாம். 2003இல் வந்த ஐந்தாம் நூலின்படி, முன்னறிவிப்பு இரு சிறுவர்களுக்குப் பொருந்துவது. தீயோன் ஒருவனைத் தேர்ந்து தாக்கியதாலேயே அது அவன்மேல் நிலைபெற்றது.

குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். டோல்கீனின் உலகில் தீயோனுக்காகப் போரிடும் மனிதர் பலர் கிழக்கிலும் தெற்கிலுமிருந்து வருவோர். தென்னாட்டார் கருமை நிறத்தவர். நம் வீட்டுப் பிள்ளை இதைப் படிக்கையில் அருகிருந்து பேசுதல் பெற்றோர் கடன். ஆயினும் ஓரிடத்தில், மடிந்து கிடக்கும் தென்னாட்டு வீரன் ஒருவனைக் கண்டு ஃப்ரோடோவின் பணியாளன் சாம் கலங்குகிறான். இவன் உள்ளத்தில் உண்மையிலேயே தீயவனா, அல்லது பொய்யும் மிரட்டலும் இவனை வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் இழுத்து வந்தனவா என்று எண்ணுகிறான். போர் முடிந்ததும் புதிய மன்னன் அத்தென்னாட்டாரோடு சமாதானம் செய்துகொள்கிறான்.

ஓர்க்குகள் என்னும் அரக்கப் படைக்கு அந்த வாய்ப்பும் இல்லை. கதை முழுதும் தேடினாலும் மனம் திருந்திய ஓர்க் ஒருவனைக் காண முடியாது. பிறவியிலேயே தீயதாய் ஓர் இனம் இருக்க முடியுமெனில், படைத்தவனின் நீதி என்னாவது? டோல்கீனையே இவ்வினா உறங்கவிடவில்லை. தீமைக்கு உயிரைப் படைக்கும் ஆற்றல் இல்லை, உள்ளதைக் கெடுக்கவே அதற்கு இயலும் என்பது அவர் கொள்கை. எனவே அவை சிறைப்பட்ட தேவகணத்தாரின் வழிவந்தவை என்று ஒருமுறை எழுதினார். மனிதரின் வழிவந்தவை என்று பின்னொருமுறை. பேசப் பழக்கிய விலங்குகள் என்று மற்றொருமுறை. 1973இல் அவர் மறைந்தார். அவருடைய மகன் அக்குறிப்புகளைத் திரட்டி 1993இல் வெளியிட்டபோது, அவை ஒன்றோடொன்று பொருந்தாமலே இருந்தன.