பழைய கேபிளிலேயே இன்னொரு கேமரா: மறுபடி பள்ளம் தோண்டும் முன் பாருங்கள்

ஆடு திருட்டு, மோட்டார் ஒயர் திருட்டுக்குப் பயந்து தோட்டத்தில் கேமரா வைக்கும் விவசாயிகள் இப்போது அதிகம். முதலில் வீட்டிலிருந்து கொட்டகைக்குக் கேபிள் புதைத்து ஒரு கேமரா வைக்கிறார்கள். சில மாதம் கழித்து, கிணற்றுப் பக்கமும் ஒன்று இருந்தால் தேவலை என்று தோன்றும். பொருத்த வருபவர், "வீட்டிலிருந்து புதுசாக் கேபிள் இழுக்கணும்" என்பார். பள்ளம் தோண்டும் கூலி, பைப், கேபிள் எல்லாம் சேர்ந்தால் கேமரா விலையைத் தாண்டிவிடும். மஞ்சளோ வெங்காயமோ நிற்கிற காட்டுக்குள் தோண்டவும் மனம் வராது. பல இடங்களில் அதற்கு அவசியமும் இல்லை.

முதலில், புதைத்திருப்பது எந்தக் கேபிள் என்று பாருங்கள். முனையில் அகலமான பிளாஸ்டிக் பின் இருந்து, உள்ளே 8 மெல்லிய ஒயர்கள் இரண்டிரண்டாக முறுக்கியிருந்தால் அது நெட்வொர்க் கேபிள் (கேட் 5, கேட் 6). உருண்டையான உலோகப் பின்னைத் திருகி மாட்டுவதாக இருந்தால் அது கோஆக்ஸ். கூடவே மெல்லிய மின் ஒயர்களும் ஒரே உறைக்குள் வந்தால் அதைக் கடைகளில் '3+1' என்பார்கள்.

நெட்வொர்க் கேபிள் என்றால் கவலை இல்லை. 4 மெகாபிக்சல் கேமரா ஒன்று அனுப்பும் படம் நொடிக்கு ஏறத்தாழ 4 மெகாபிட். அந்தக் கேபிளோ 100 மெகாபிட் தாங்கும். அதாவது ஒரு கேமராவுக்காகப் போட்ட கேபிளில் இன்னும் பல கேமராக்களுக்கு இடம் இருக்கிறது. தடையாக இருப்பது தூரமும் மின்சாரமும்தான்.

ஓர் உதாரணம். வீட்டிலிருந்து ஆட்டுக் கொட்டகை வரை 80 மீட்டர் கேபிள் இருக்கிறது. அங்கிருந்து மோட்டார் ரூம் இன்னும் 25 மீட்டர். நெட்வொர்க் கேபிளை ஒரே ஓட்டமாக 100 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. இங்கே மொத்தம் 105 ஆகிவிடுகிறது. கொட்டகையில் 'பி.ஓ.இ. எக்ஸ்டெண்டர்' என்ற சிறிய பெட்டியை வைத்தால் இரண்டு சிக்கலும் தீரும். ஒரு கேபிள் உள்ளே வரும், இரண்டு வெளியே போகும். ஒன்று பழைய கேமராவுக்கு, இன்னொன்று மோட்டார் ரூமுக்கு. தூரக் கணக்கு அந்தப் பெட்டியிலிருந்து மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். புதிதாகப் போடுவது 25 மீட்டர் மட்டுமே.

பி.ஓ.இ. என்றால் படம் வரும் அதே கேபிளில் கேமராவுக்கு மின்சாரமும் போவது. கரண்ட் போனாலும் வீட்டு யுபிஎஸ்ஸே தோட்டத்துக் கேமராவை ஓட்டும். மோட்டார் ரூம் கரண்டை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் வீட்டில் இருக்கும் சுவிட்ச் ஒரு துளைக்கு எத்தனை வாட் தரும் என்று பாருங்கள். சாதாரண வகை 15 வாட் தரும், ஒரு கேமராவுக்குச் சரி. எக்ஸ்டெண்டரும் இரண்டு கேமராவும் ஓட 30 வாட் வகை வேண்டும். விலை குறைவு என்று கண்ணை மூடிக்கொண்டு 48 வோல்ட் அனுப்பும் அடாப்டரை வாங்காதீர்கள். 12 வோல்ட் மட்டும் ஏற்கும் கேமராவில் மாட்டினால் கருகிவிடும். தரமான சுவிட்ச், எதிரே இருக்கும் கருவி எது என்று சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்கும்.

எட்டு ஒயரை நான்கு நான்காகப் பிரித்து இரண்டு கேமரா ஓட்டும் ஸ்பிளிட்டரும் கிடைக்கிறது. இரண்டு முனையிலும் மாட்டினால்தான் அது வேலை செய்யும். மின்சாரமும் அதே கேபிளில் போகும் தோட்டத்துக்கு அதை நான் சொல்வதில்லை.

கோஆக்ஸ் கேபிளில் கதை வேறு. சாதாரணமாக ஒரு கேபிளுக்கு ஒரு கேமராதான். பழைய மங்கல் கேமராவைக் கழற்றி எச்டி கேமரா மாட்ட அதே கேபிள் போதும், டிவிஆரும் அதற்கு ஏற்றதாக இருந்தால். இன்னொரு கேமரா சேர்க்க, கோஆக்ஸில் நெட்வொர்க் அனுப்பும் கன்வெர்ட்டர் ஜோடி வேண்டும். தூரம் 200, 300 மீட்டர் என்றால் அது லாபம். 50 மீட்டருக்குள் என்றால் பேசாமல் புது நெட்வொர்க் கேபிளே போட்டுவிடுங்கள்.

'3+1' கேபிள் போட்டவர்கள் அடிக்கடி சொல்லும் புகார், "பகலில் நல்லா வருது, ராத்திரி ஆனா கேமரா செத்துப்போகுது" என்பது. திருடன் வருவதே ராத்திரிதான்! காரணம் கேமரா அல்ல, ஒயர். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 100 மீட்டர் போய்த் திரும்பினால் 7 ஓம் தடை. பகலில் 0.3 ஆம்பியர் எடுக்கும்போது 2 வோல்ட் குறையும். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரிந்து 0.6 ஆம்பியர் ஆனால் 4 வோல்ட்டுக்கு மேல் குறைந்து, 12 வோல்ட் 8க்கும் கீழே இறங்கிவிடும். செம்பு பூசிய அலுமினிய ஒயராக இருந்தால் இன்னும் மோசம். பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். கொட்டகையில் எப்போதும் சிங்கிள் பேஸ் கரண்ட் இருந்தால் அடாப்டரை அங்கேயே வைத்து, கோஆக்ஸில் படத்தை மட்டும் அனுப்புங்கள்.

கேமரா கேபிளை மோட்டார் ஒயர் போகும் பைப்புக்குள்ளேயே நுழைப்பது பலர் செய்யும் தவறு. படம் கெடுவது சிறிய விஷயம். உறை உரிந்து ஒயர்கள் தொட்டுக்கொண்டால் த்ரீ பேஸ் கரண்ட் வீட்டுக்குள் வந்துவிடும். தனிப் பைப்பில், குறைந்தது ஓர் அடி தள்ளியே போக வேண்டும். இடி மின்னல் காலத்துக்கு இரண்டு முனையிலும் சர்ஜ் புரொடெக்டர் வைத்து, முறையாக எர்த் கொடுங்கள். எக்ஸ்டெண்டர் பெட்டியின் துளைகளை அடைத்துவிடுங்கள். எறும்பும் பல்லியும் முதலில் குடியேறுவது அங்கேதான்.

ரெக்கார்டரில் காலி சேனல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாள் முழுக்கப் பதிவானால் ஒரு கேமராவுக்கு ஏறத்தாழ 43 ஜிபி போகும். 1 டிபி டிஸ்க்கில் 23 நாள் நின்ற பதிவு, இரண்டாவது கேமரா வந்ததும் 11 நாளாகக் குறையும். வெளியூர் போய்வருபவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்.

வேலை முடிந்ததும் பகலிலேயே முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். இரவு எட்டு மணிக்கு மேல், கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு கேமராவின் படத்தையும் செல்போனில் அரை மணி நேரம் பாருங்கள். விடாமல் வந்தால் மறுநாள் மீதியைக் கொடுக்கலாம்.